இட்லிப் பொடி விற்பனை தெரிந்தவர்களோடு நின்றுவிட்டது; எப்படி வளர்ப்பது?

உறையூர்ப் பொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் வீட்டிலிருந்தபடியே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு கையில் இருக்கிறது. ருசியைப் பற்றிக் குறை வந்ததில்லை. ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடியும் கேட்கவே செய்கிறார்கள். ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள், என் கணவரோடு வேலை பார்ப்பவர்கள், சொந்தக்காரர்கள் என்ற வட்டத்தை விற்பனை தாண்டவில்லை.

முதல் சிக்கல் விலை சொல்வதுதான். 250 கிராம் இட்லிப் பொடிக்கு 70 ரூபாய் வைத்திருக்கிறேன். யாராவது விலை கேட்டால், எழுபது என்று சொன்ன வாயாலேயே "உங்களுக்கு அறுபது போதும்" என்றும் நானே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களில் சிலர் "அப்புறம் தருகிறேன்" என்று வாங்கிப் போவார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை, கேட்கவும் எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது விளம்பரம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் பாக்கெட்டுகளின் படத்தைப் போடுகிறேன். பலர் பார்க்கிறார்கள்; யாரும் வேண்டும் என்று கேட்பதில்லை. தனித்தனியாகச் செய்தி அனுப்பலாம் என்றால் கையேந்துவதுபோல் இருக்கிறது. "பொடி விற்றுத்தான் நம் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமா" என்று என் மாமியாரும் ஒருநாள் கேட்டுவிட்டார்.

பக்கத்து மளிகைக் கடைக்காரர் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் 25 சதவீதம் அவருக்கு வேண்டும், பணமும் ஒரு மாதம் கழித்துத்தான் தருவாராம். பெங்களூரில் என் சித்தி மகள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தமாக அனுப்பச் சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் செய் என்கிறான் தம்பி. இவற்றில் எதை முதலில் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரூர்க் கணக்கர் எழுதியது:

வணக்கம் சகோதரி. சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், நீங்கள் எழுதியவற்றில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த எழுபது ரூபாய்தான். அந்த விலை எங்கிருந்து வந்தது? பருப்பு, மிளகாய் விலையைக் கூட்டி, அதன்மேல் கொஞ்சம் வைத்துச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விலை எப்படி வந்தது என்று நமக்கே உறுதியாகத் தெரியாதபோது, எதிரில் நிற்பவர் லேசாகப் புருவத்தை உயர்த்தினாலே குறைத்துக்கொள்ளத் தோன்றும். விலை சொல்லும்போது உங்களுக்கு வரும் கூச்சத்தில் பாதி இப்படி வருவதுதான்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். உளுத்தம்பருப்பு 2 கிலோ 280 ரூபாய், கடலைப்பருப்பு 800 கிராம் 80 ரூபாய், எள் 600 கிராம் 144 ரூபாய், மிளகாய் வற்றல் அரை கிலோ 120 ரூபாய், பெருங்காயம், கல்லுப்பு, வறுக்க எண்ணெய் எல்லாம் சேர்த்து 56 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பொருள் செலவு 680 ரூபாய். (விலைகளை உங்கள் கடைச் சீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.) வறுப்பதிலும் சலிப்பதிலும் குறைவது போக, இதில் 15 பாக்கெட் தேறும். ஜிப் பௌச்சும் ஸ்டிக்கரும் பாக்கெட்டுக்கு 9 ரூபாய் வீதம் 135. கேஸுக்கும் மின்சாரத்துக்கும் 60. ஆக, உங்கள் உழைப்பைச் சேர்க்காமலே 875 ரூபாய் ஆகிவிட்டது.

இப்போது 70 ரூபாய்க்கு விற்றால் வரவு 1,050. கல் பொறுக்குவதிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவது வரை ஐந்து மணி நேர வேலை என்றால், அந்த ஐந்து மணி நேரத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 175 ரூபாய். "உங்களுக்கு அறுபது போதும்" என்று சொல்லும் அன்று வரவு 900; கையில் நிற்பது 25 ரூபாய். பாக்கெட் ஒன்றுக்குப் பத்து ரூபாய்தானே விட்டுக்கொடுத்தோம் என்று தோன்றும். ஆனால் அன்றைய கூலியில் பெரும்பகுதி அந்தப் பத்து ரூபாயில்தான் இருந்தது.

மணிக்கு 80 ரூபாய் கூலி வைத்தால்கூட அடக்க விலை பாக்கெட்டுக்கு 85 ரூபாய் வருகிறது. அதை 130 ரூபாய்க்கு விற்றால், கடைக்காரருக்கு 20 சதவீதம் கொடுத்த பிறகு 104 கிடைக்கும்; கூலி போக 19 ரூபாய் தொழிலுக்கு நிற்கும். 25 சதவீதம் கொடுத்தாலும் 12 ரூபாய்க்கு மேல் நிற்கும். எழுபதில் இருந்துகொண்டு எந்தக் கடைக்காரரிடம் பேசினாலும் முதலுக்கே மோசம். நேரடியாக வாங்குகிறவர்களுக்கும் கடையில் இருக்கும் அதே விலையைச் சொல்லுங்கள். வீட்டில் குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் மறுமுறை உங்கள் சரக்கை எடுக்க மாட்டார்.

ஒரே தாவலாக ஏற்றத் தயக்கம் வரும், தெரியும். பழைய வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு தேதியைச் சொல்லி, அன்று முதல் புதிய விலை என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். சிலர் விலகுவார்கள்; அவர்களில் பாதிப் பேர் கடைப் பொடியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள், மீதிப் பேர் போனால் போகட்டும். விலையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். "நூற்று முப்பது" என்று சொன்ன பிறகு வரும் அந்தச் சில விநாடி அமைதியை நீங்களாக நிரப்பாமல் இருந்தால் போதும், அதில்தான் உங்கள் பணம் போய்க்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுக்க ஆசை இருந்தால் 50 கிராம் மாதிரிப் பாக்கெட் தனியாகப் போட்டுக் கொடுத்து, அதை விளம்பரச் செலவில் எழுதுங்கள். 250 கிராம் பாக்கெட் விற்பனைக்கு மட்டும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதிலிருந்து வாரம் ஒருமுறை உங்கள் கூலியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் கேள்விக்கும் அந்தக் கணக்குப் புத்தகமே பதில் சொல்லும்.

நெல்லை அடுப்படி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் வற்றலும் ஊறுகாயும் போடுகிறவள். விலையைப் பற்றிக் கணக்கர் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. விளம்பரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் புதியவர்களைத் தேடுகிறீர்கள். ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் மீண்டும் கேட்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரு நீளமான நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியவர் பெயர், தேதி, என்ன பொடி, எத்தனை கிராம், வீட்டில் எத்தனை பேர், காரம் அதிகமாக வேண்டும் என்றாரா குறைவாக வேண்டும் என்றாரா, இவ்வளவையும் ஒரே வரியில் எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 250 கிராம் பொடி ஏறத்தாழ மூன்று வாரத்தில் தீரும் என்பது என் அனுபவம். உங்கள் வாடிக்கைக்காரர்களின் கணக்கு இரண்டு முறை வாங்கியதுமே நோட்டில் தெரிந்துவிடும். தீரப்போகும் வாரத்தில், அந்த ஒருவருக்கு மட்டும் இப்படி எழுதுங்கள்: "அக்கா, சனிக்கிழமை பொடி இடிக்கிறேன். போன முறை வாங்கிய இட்லிப் பொடி தீரும் நேரம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கட்டுமா?" இதில் கையேந்துவது எங்கே இருக்கிறது? டப்பா காலியாகி நாளை இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்வது என்று இருக்கிறவருக்கு நீங்கள் ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறீர்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று மட்டும் தொடங்காதீர்கள்; மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரும் செய்தியைப் படிக்கிறவர், இது தொந்தரவு போலிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. புதிய வாடிக்கையாளர், புதிய ஆர்டர், பணம் நிலுவை என்றெல்லாம் ஒவ்வொருவர் பெயருக்கும் வண்ண அடையாளம் போட்டு வைக்கலாம். "அப்புறம் தருகிறேன்" என்றவர்களை நிலுவைப் பட்டியலில் போட்டு, வாரக் கடைசியில் தொகையோடு கியூஆர் படத்தையும் அனுப்பிவிடுங்கள். நேரில் கேட்க வராத மனம் இதில் எளிதாக வந்துவிடும். இன்னொன்று, பிராட்காஸ்ட் பட்டியலில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் வசதியில், நீங்கள் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே பாக்கெட்டைக் கொடுக்கும்போதே, "என் எண்ணைப் பொடி என்று பதிந்துகொள்ளுங்கள்" என்று கேட்டு, அவர்கள் பதிவதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

ஸ்டேட்டஸில் தினமும் அதே பாக்கெட்டைப் போட்டால் மூன்றாம் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள். மொட்டை மாடியில் காயும் மிளகாயைப் போடுங்கள். எள் வெடிக்கும் சத்தத்தோடு பத்து விநாடி வீடியோ போடுங்கள். வறுத்த பருப்பைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைத்திருக்கும் படத்தைப் போட்டு, ஏன் ஆற வைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: சூடு தணியாமல் அரைத்துக் கட்டினால் பௌச்சுக்குள் நீராவி கோத்து, பொடி கட்டி தட்டிப் போகும். இதைச் சொல்கிறவளிடம் பொடி வாங்கலாம் என்று பார்க்கிறவர்களுக்குத் தானாகவே தோன்றும். கடைசியில், எத்தனை பாக்கெட் மீதி இருக்கிறது என்றும் எப்போது கிடைக்கும் என்றும் தவறாமல் எழுதுங்கள். அது இல்லாத ஸ்டேட்டஸைப் பார்த்து ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பருவத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். கல்லூரி விடுதிகள் திறக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பப் பொடி தேடுவார்கள். புரட்டாசியில் அசைவம் சாப்பிடாத வீடுகளில் பருப்புப் பொடி அதிகம் போகும். உங்கள் ஊரில் விமான நிலையம் இருப்பது எங்களுக்கு இல்லாத வசதி. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் திரும்புகிறவர்கள் பெட்டியில் பொடி வைக்காமல் போவது அபூர்வம். அவர்களுக்கென்று அரை கிலோவை இரட்டை உறையில் சீல் வைத்துத் தனியாக விற்கலாம்.

மாமியாரைப் பற்றி ஒன்று மட்டும். அடுத்த முறை வறுக்கும்போது பதம் சரியா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் இப்போது நான் விலையைக் குறைத்தால் சண்டைக்கு வருவதே என் மாமியார்தான்.

ரீல்ஸ் ரசிகன் எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். நோட்டுப் புத்தகம் நல்லதுதான். ஆனால் நோட்டில் ஏற்கெனவே இருப்பவர்களை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? புதிய முகங்கள் இன்ஸ்டாகிராமில்தான் இருக்கிறார்கள். பணம் கட்டும் விளம்பரத்தில் திருச்சியைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று எல்லை போட்டுக்கொள்ளலாம், வயதையும் தேர்ந்தெடுக்கலாம். நெல்லை அக்கா சொன்ன எள் வெடிக்கும் வீடியோ ரீல்ஸில் நன்றாகப் போகும். கூகுள் மேப்பில் உங்கள் தொழிலைப் பதிந்துவிட்டு, வாங்கியவர்களிடம் அங்கே கருத்து எழுதச் சொல்லுங்கள். அதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

சட்டம் தெரிந்த சமையல்காரன் எழுதியது:

தம்பி சொல்வதை நான் முழுதாக மறுக்கவில்லை. கூகுள் பதிவை இன்றைக்கே செய்யலாம். ஆனால் பணம் கட்டும் விளம்பரத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. சகோதரி இப்போது வீட்டு மிக்சியில்தான் அரைக்கிறார் என்று நினைக்கிறேன். திடீரென்று அறுபது பேர் கேட்டால் அரைப்பது யார், அந்த அவசரத்தில் வறுத்த பருப்பை ஆறவிடுவது யார்? முதலில் அரவை மில் ஒன்றைப் பேசி வையுங்கள். மிளகாய் மட்டும் அரைக்கும் கல்லில் உங்கள் பொடியை ஓட்டாத மில்லாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பருப்புப் பொடியும் கண்ணில் நீர் வரவழைக்கும்.

வெளியாட்களுக்கு விற்பதற்கு முன்னால் லேபிளைச் சரிசெய்யுங்கள். தெரிந்தவர் உங்கள் முகத்தைப் பார்த்து வாங்குகிறார். தெரியாதவருக்கு லேபிள்தான் உங்கள் முகம். பொருளின் பெயர், சேர்மானங்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக, நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், குறை சொல்லத் தொலைபேசி எண், சைவத்துக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கறிவேப்பிலைப் பொடியில் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று அச்சடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த வலைக்குள் போகவே போகாதீர்கள், உணவுப் பொருளுக்கு அப்படிச் சொல்லச் சட்டம் இடம் தராது. எள் சேர்ந்த பொடி நாள்பட்டால் காறத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு தடவை அரைத்ததிலும் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்து, எத்தனை நாளில் வாடை மாறுகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு உட்பட்ட தேதியையே லேபிளில் போடுங்கள்.

பெங்களூர் விஷயத்தில் நிதானம் தேவை. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று சொல்கிறார்களே, அந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குள் விற்பவருக்குத்தான். வரிக்குரிய சரக்கை வெளி மாநிலத்துக்கு விற்பதானால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு தேவைப்படும். மாதம் தவறாமல் ஆர்டர் வரும் என்று உறுதியான பிறகு, ஒரு ஆடிட்டரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள்.

விலை உயர்த்தினால் பழைய விலைக்கு ஒரு மட்ட ரகம் போடலாமே என்று உங்களுக்கோ வீட்டாருக்கோ தோன்றும். அது வேண்டாம். 1959-இல் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத் அப்பள நிறுவனம். அவர்களும் தொடக்கத்தில் நல்ல ரகம், மலிவு ரகம் என்று இரண்டு செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பாரேக், ஒரே தரத்தில் மட்டும் செய்யுங்கள், அதில் எந்த நாளும் குறை வைக்காதீர்கள் என்று மாற்றினார். நன்கொடை வாங்குவதில்லை என்பதிலும் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறை வாங்குவார். அப்பளம் நன்றாக இருக்கிறது என்று வாங்குகிறவர்தான் அடுத்த மாதமும் வருவார். "பாவம், வீட்டிலிருந்து ஏதோ செய்கிறாள்" என்று உங்களிடம் வாங்குகிற கூட்டத்துக்காக விலை வைக்காதீர்கள்.

உறையூர்ப் பொடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கணக்கர் அண்ணன் சொன்னதுபோல் என் கடைச் சீட்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கம் அடக்கம் 88 ரூபாய் வருகிறது. விலையை மாற்றும் தேதியை இன்று காலை எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். ஒருவர் மட்டும் "ரொம்ப அதிகம்" என்றார்; நான் பதில் எதுவும் எழுதவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே இரண்டு பாக்கெட் பழைய விலைக்கு எடுத்து வைக்கச் சொன்னார்.

பெங்களூரையும் விளம்பரத்தையும் தள்ளி வைக்கிறேன். அந்த மளிகைக் கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை. ஒரு மாதக் கடன் கொடுத்தால் அடுத்த சரக்குக்குப் பருப்பு வாங்கக் கையில் பணம் இருக்காது.

பாலக்கரை மளிகை எழுதியது:

அம்மா, நான் கடைக்காரன் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். 25 சதவீதம் கேட்பது பேராசையால் இல்லை. பெயர் தெரியாத பாக்கெட் விற்காமல் கிடந்தால், அந்த இடத்தில் வேறு சரக்கு வைத்திருக்கலாமே என்ற கணக்கு எங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நீங்கள் எடுத்துவிட்டால் 20 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்வார்.

மாதத்தின் முதல் வாரத்தில் போகாதீர்கள். மாதச் சாமான் கட்டுகிற நாட்களில் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அதன் பிறகு ஒரு வார நாளில், காலைக் கூட்டம் கலைந்ததும் போங்கள். பத்துப் பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். விற்காததைக் குறிப்பிட்ட நாளுக்குள் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாக முதலிலேயே சொல்லுங்கள். பணத்துக்கு ஒரு மாதம் என்று பேசாமல் "பில்லுக்குப் பில்" என்று பேசுங்கள்: அடுத்த சரக்கு இறக்கும்போது முந்தைய பில்லுக்குக் காசு. எங்களுக்கு இது பழகிய முறைதான், நீங்கள் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் ஒரு மாதம்தான்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் போய்ப் பாக்கெட்டுகளைத் துடைத்து, தேதி பார்த்து, பழையதை முன்னால் தள்ளி வையுங்கள். தேங்காய், உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இட்லி மாவு பாக்கெட் வைத்திருக்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். மாவு எடுக்கிற கை பொடியையும் எடுக்கும். பௌச்சின் மேல் பக்கம் மாட்டுவதற்குத் துளை இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.